மூன்லைட் பங்களாவும் மூடுபனிக் கதைகளும்

கேமரன் மலைக்கு வந்திருக்கிறீர்களா, வாசகர்களே? வந்திருந்தால் தாப்பாவிலிருந்து ஏறும் அந்தப் பழைய பாதையை மறந்திருக்க மாட்டீர்கள். லாத்தா இஸ்கந்தார் நீர்வீழ்ச்சி வரையில் கலகலவென்று பேசிக்கொண்டு வரும் பிள்ளைகள், அதற்கு மேல் வளைவுகள் தொடங்கியதும் ஒருவர் பின் ஒருவராக வாயை மூடிக்கொள்வார்கள். காரில் யாராவது ஒருவர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருப்பார். ரிங்லெட் பட்டணத்தைத் தாண்டி, ஏரியைக் கடந்து, தானா ராத்தா போய்ச் சேரும்போது ஏறக்குறைய 4,700 அடி உயரத்துக்கு வந்துவிடுவீர்கள். கீழே வேர்த்துக் கொட்டிய உடம்பு இங்கே போர்வையைத் தேடும்.

இந்த மலைச் சாரலில் உள்ள ஒரு தோட்டப் பள்ளியில் ஆசிரியத் தொழில் பார்ப்பவருக்கு, விருந்தாளிகள் கேட்கும் கேள்விகள் மனப்பாடமாகிவிடும். தேயிலை எப்படிப் பறிக்கிறார்கள், ஸ்ட்ராபெரி எங்கே கிடைக்கும் என்பவை முதல் இரண்டு. மூன்றாவது கேள்வியை மட்டும் சிலர் சற்றுக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "அந்த வெள்ளைக்காரர் காணாமல் போன பங்களா எங்கே இருக்கிறது?"

இப்போது மாணவர்களும் கேட்கிறார்கள். மலையுச்சியில் ஒரு தனி விடுதி. உடம்புக்கும் மனத்துக்கும் ஓய்வு தேடி வந்த பத்துப் பேர். மழையில் பாதை அடைபட்டுவிடுகிறது. தொலைபேசி வேலை செய்யவில்லை. இரவுக்கு ஒருவராகக் கத்திக்குப் பலியாகிறார்கள். இப்படிப்பட்ட கதைகள் படமாகவும் புத்தகமாகவும் கைத்தொலைபேசி வழியாகவும் பிள்ளைகளிடம் வந்துவிடுகின்றன. ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன், "சார், நம்ம மலையிலேயும் இப்படி நடந்திருக்குதாமே?" என்று கேட்டான். ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியாத கேள்வி அது. ஆகவே உங்களையும் அந்தப் பங்களாப் பக்கம் அழைத்துப் போகிறேன், வாருங்கள்.

உடல்நலம் தேடி உருவான மலை

முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும். கேமரன் மலையே ஒரு பெரிய ஓய்வு விடுதியாகத்தான் பிறந்தது. 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்ற அரசாங்க நில அளவையாளர் இந்தப் பகுதியை ஆராய்ந்து குறிப்பு எழுதினார். அவர் பெயர்தான் மலைக்கு நிலைத்தது. அதன் பிறகு நாற்பது ஆண்டுகள் காடு காடாகவே கிடந்தது. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்து, வெப்பத்தில் வாடும் அதிகாரிகளும் அவர்கள் குடும்பத்தாரும் உடம்பைத் தேற்றிக்கொள்ள ஏற்ற இடம் இது என்று கருதினார். அதற்குப் பிறகுதான் பாதை வந்தது, பங்களாக்கள் எழும்பின. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார்.

துரைமார் இளைப்பாற மலை ஏறினார்கள். நம்மவர் இளைப்பாற ஏறவில்லை. காட்டை வெட்டிச் சாய்த்து, சரிவுகளில் கன்று நட்டு, கொழுந்து பறித்து, கவ்வாத்து வெட்டி இந்த மலையைப் பச்சைக் கம்பளமாக்கியவர்களில் நம் முன்னோர் முன்வரிசையில் நின்றார்கள். இன்று கொழுந்து வெட்டுபவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். எனினும் லயங்களில் பிறந்து வளர்ந்த நம் குடும்பங்கள் இன்னும் இங்கே இருக்கின்றன. பிரிஞ்சாங் தண்டாயுதபாணி ஆலயத்தில் மணி ஒலிக்கும்போது வந்து நிற்பவர்கள் அவர்கள்தாம்.

ஆக, ஒரே மலையில் இரண்டு வாழ்க்கை: ஓய்வுக்கு வருகிறவர்கள், உழைப்புக்கு இருக்கிறவர்கள். பயங்கரக் கதைகளில் முதல் கூட்டத்தாருக்கு மட்டுமே பெயர் உண்டு. இரண்டாம் கூட்டத்தார் மூடுபனியில் நடமாடும் நிழல்கள். அதிலும் கவ்வாத்துக் கத்தியோடு ஒருவர் வந்துவிட்டால் போதும், வாசகர் அவரைக் கொலையாளி என்று சந்தேகிக்கவேண்டும்! காலை ஏழு மணிக்கு அந்தக் கத்தியைத் தீட்டிக்கொண்டு மலைக்குப் போகும் தகப்பன்மாரின் பிள்ளைகள் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை அந்தக் கதைகளை எழுதுகிறவர்கள் அறியமாட்டார்கள்.

1967, மார்ச் 26

தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் இடையில் கமுந்திங் சாலை என்று ஒன்று மேட்டில் ஏறுகிறது. ஏற ஏற வீடுகள் குறைந்து, காட்டின் சத்தம் கூடும். மேட்டின் உச்சியில் கல்லால் கட்டிய பழைய ஆங்கிலேயர் பாணி வீடு ஒன்று நிற்கிறது. அதுதான் மூன்லைட் பங்களா. 'நிலவொளி' என்று எவ்வளவு அழகான பெயர், பாருங்கள்!

1967ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் இந்தப் பங்களாவுக்கு ஓர் அமெரிக்கர் விருந்தாளியாக வந்தார். பெயர் ஜிம் தாம்சன். 1906 மார்ச் 21இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் பிறந்தவர், கட்டடக் கலைஞர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க உளவுத் துறையில் சேர்ந்தார். இலங்கையில் காட்டுப் போர்ப் பயிற்சியும் பெற்றார். போர் முடிந்ததும் பாங்காக் சென்றவருக்கு, நலிந்து கிடந்த தாய்லாந்துக் கைத்தறிப் பட்டின்மேல் மனம் போயிற்று. 1948இல் பட்டு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். நெசவாளர்களை அவரவர் வீட்டிலேயே நெய்யவைத்து, அந்தத் துணியை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனார். பாங்காக்கில் கால்வாய் ஓரம் பழைய மர வீடுகளை இணைத்து அவர் அமைத்த இல்லம் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. நம் ஊரார் பலர் பாங்காக் சுற்றுலாவில் அதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

சிங்கப்பூரைச் சேர்ந்த டாக்டர் லிங் தம்பதியர் அழைப்பின் பேரில், கோனி மாங்ஸ்காவ் என்ற தோழியுடன் மார்ச் 24ஆம் தேதி, பெரிய வெள்ளியன்று, அவர் இங்கு வந்தார். மறுநாள் டாக்டர் லிங்கும் அவரும் காட்டுப் பாதை வழியே நடந்தபோது வழி தவறி, சற்று நேரம் அலைந்து, பிறகு கோல்ஃப் மைதானத்துப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். இந்தச் சிறு சம்பவத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

26ஆம் தேதி ஈஸ்டர் ஞாயிறு. காலையில் தேவாலயம், பிறகு பிரிஞ்சாங் மலையில் கட்டுச் சோற்று விருந்து. பிற்பகல் பங்களாவுக்குத் திரும்பிய எல்லாரும் சற்றுக் கண்ணயரப் போனார்கள். சுமார் மூன்று, மூன்றரை மணியளவில் வெளியே யாரோ நடந்துபோகும் காலடி ஓசை லிங் தம்பதியர் காதில் விழுந்தது. விருந்தாளி காலாற நடக்கிறார் என்று எண்ணிக்கொண்டார்கள். சிகரெட்டை வைத்துவிட்டுப் போயிருந்தார். பித்தப்பைக் கல்வலிக்குச் சாப்பிடும் மாத்திரை டப்பாவும் இருந்த இடத்திலேயே இருந்தது. நெடுந்தூரம் போகிறவர் செய்கிற காரியமல்ல அது.

மாலையாயிற்று. இருட்டிற்று. அறுபத்தொரு வயது நிறைந்து ஐந்தே நாள் ஆன அந்த மனிதர் திரும்பி வரவேயில்லை.

தேடியவர்கள்

இதற்குப் பிறகு நடந்த தேடலைப் பற்றித்தான் கதை எழுதுகிறவர்கள் அதிகம் சொல்வதில்லை. ஆனால் நம் மலையின் பெருமை அங்கேதான் இருக்கிறது. காவல் துறையினர், படைவீரர்கள், ஊர்வாசிகள் என நூற்றுக்கணக்கானோர் நாள் கணக்காகக் காட்டைச் சல்லடையாகச் சலித்தார்கள். ஹெலிகாப்டர் பறந்தது. எல்லாருக்கும் முன்னே நடந்தவர்கள் இந்தக் காட்டைக் கையின் ரேகைபோல் அறிந்த பூர்வகுடியினரான ஒராங் அஸ்லி மக்கள். முறிந்த சுள்ளி, நசுங்கிய இலை, புரண்ட கல் ஆகியவற்றைப் பார்த்தே யார், எப்போது போனார்கள் என்று சொல்லக்கூடியவர்கள். அவர்களுக்கும் ஒரு தடயம் அகப்படவில்லை. ஒரு துணிக் கிழிசல்கூடக் கிடைக்கவில்லை.

பிறகு வந்தவர்கள் வேறு வகையினர். ஹாலந்தில் பிறந்த பீட்டர் ஹர்கோஸ் என்ற ஞானதிருஷ்டிக்காரர் அமெரிக்காவிலிருந்து வந்து, தாம்சனைக் கடத்திக் கம்போடியாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றார். பூர்வகுடியினர் நலத் துறையில் முன்பு பணியாற்றிய ரிச்சர்ட் நூன் என்ற ஆங்கிலேயர் ஒரு போமோவையும் அழைத்துக்கொண்டு காட்டுக்குள் போய்வந்து, தாம்சன் இந்தக் காட்டில் இல்லை என்று முடிவு சொன்னார். புலி அடித்திருக்கும் என்றது ஒரு கட்சி. லாரி மோதி, உடலை மறைத்திருப்பார்கள் என்றது இன்னொரு கட்சி. உளவு வேலைக்காகத் தாமே மறைந்துபோனார் என்றும் பேசினார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் அவருடைய தமக்கை அமெரிக்காவில் தம் சொந்த வீட்டில் கொலையுண்டார். கொலையாளி பிடிபடவில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. ஆனாலும் ஒரு குடும்பத்தில் அடுத்தடுத்து விழுந்த இரண்டு இடிகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, கதைக்கு மேல் கதை வளர்ந்தது.

வில்லியம் வாரன் என்ற நண்பர் 1970இல் தாம்சனின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். ஜப்பானின் புகழ்பெற்ற துப்பறியும் கதாசிரியர் செய்ச்சோ மட்சுமோட்டோ 1980களில் இதைக் கருவாக வைத்து ஒரு நாவல் எழுதினார். 2004இல் வெளிவந்த ஒரு நூல், அவர் காட்டில் வழி தவறி மாண்டார் என்று வாதாடியது. 2017இல் வெளிவந்த ஓர் ஆவணப்படம், கம்யூனிஸ்டுகள் கொன்றார்கள் என்று கூறியது. அறுபது ஆண்டு நெருங்கியும் முடிவில்லை.

பயங்கரக் கதைக்கும் உண்மைக்கும் உள்ள தூரம்

ஒதுக்குப்புறமான ஓர் இடத்தில் சிலரை அடைத்துவைத்து ஒருவர் ஒருவராகக் கொல்லும் கதை புதிதல்ல. 1939இலேயே அகதா கிறிஸ்டி ஒரு தீவில் பத்துப் பேரை வைத்து அப்படி ஒரு நாவல் எழுதிவிட்டார். தமிழிலும் பி. டி. சாமியின் பேய்க் கதைகளைப் போர்வைக்குள் ஒளித்துவைத்துப் படித்தவர்களும், ராஜேஷ்குமாரின் மாத நாவல்களுக்காகக் கடைக்காரரை நச்சரித்தவர்களும் இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களில் இருப்பீர்கள். அதில் தவறில்லை. மழை இரவில் ஒரு திகில் கதை சுவையானதுதான்.

ஆனால் அந்தக் கதைகளின் வசதி என்ன தெரியுமா? கடைசிப் பக்கத்தில் கொலையாளி அகப்பட்டுவிடுவான். முகமூடி கழன்றுவிடும். பயம் ஓர் ஆளின் உருவத்தில் வந்து, அந்த ஆளோடு போய்விடும். மூன்லைட் பங்களாவில் கடைசிப் பக்கம் இல்லை. அங்கே முகமூடியும் இல்லை, கத்தியும் இல்லை. ஒரு காலடி ஓசை, அவ்வளவுதான். காத்திருந்தவர்களுக்கு அழுது முடிக்க ஓர் உடல்கூடக் கிடைக்கவில்லை. இதைவிடப் பெரிய திகில் எது?

மாணவனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "தம்பி, கத்தியோடு ஒருவன் வந்து கொன்றதாக எந்தச் சாட்சியமும் கிடையாது. ஒருவர் யாரிடமும் சொல்லாமல் வெளியே போனார். அது மட்டும்தான் உறுதியாகத் தெரியும்." அந்தப் பையன் சற்று ஏமாந்துதான் போனான். பிறகு யோசித்துக் கேட்டான்: "சொல்லிட்டுப் போயிருந்தா கண்டுபிடிச்சிருப்பாங்களா சார்?" தேடல் எந்தத் திசையில் தொடங்கவேண்டும் என்பதாவது தெரிந்திருக்கும் அல்லவா? முதல் நாள் அவரும் நண்பரும் வழி தவறியதை நினைத்துப் பாருங்கள். இருவராக இருந்தபோது வெளியே வந்துவிட்டார்கள்.

நம் பாட்டிமார் இதை வேறு விதமாகச் சொல்லித் தந்தார்கள். தோட்ட எல்லையில், காடு தொடங்கும் இடத்தில் முனியாண்டி சாமி இருக்கிறார். அந்தக் கல்லைத் தாண்டி விளக்கு வைத்த பிறகு போகாதே என்பார்கள். இருட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாம் தடவைக்குப் பிறகே பதில் சொல் என்பார்கள். பிள்ளைகள் நடுங்கிப்போய் வீட்டுக்குள் இருப்பார்கள். அந்தப் பயத்துக்கு ஒரு பயன் இருந்தது. அது பிள்ளையைக் காட்டிலிருந்து காப்பாற்றியது. ஆனால் இன்றைய வெட்டுக்குத்துக் கதைகள் தரும் பயமோ எதிலிருந்தும் யாரையும் காப்பாற்றுவதில்லை. அயலாரைக் கண்டால் சந்தேகப்படவும், காட்டு மக்களைக் கண்டால் ஒதுங்கவும் மட்டுமே கற்றுக்கொடுக்கிறது. சண்டை சச்சரவை வெறுக்கும் சாதுவான மக்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதிவைத்த செமாய் மக்களை, கதைக்காரர்கள் அம்பும் நஞ்சுமாகக் காட்டுவதை என்னவென்று சொல்வது!

மலை உண்மையில் யாரை விழுங்குகிறது?

இந்த மலையில் அஞ்சவேண்டியவை இருக்கின்றன, அன்பர்களே. அவை முகமூடி போட்டுக்கொண்டு வருவதில்லை.

2010 டிசம்பரில் தாய்லாந்துச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு இறங்கிய பேருந்து சிம்பாங் பூலாய்ச் சாலையில் விபத்துக்குள்ளாகி இருபத்தைந்து பேருக்கு மேல் மாண்டார்கள். 2013 அக்டோபர் 23 அதிகாலையில், பெருமழைக்குப் பின் சுல்தான் அபூபக்கார் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் பெர்தாம் பள்ளத்தாக்கில் புகுந்து உயிர்களைப் பறித்தது. மறு ஆண்டு நவம்பரில் சேற்று வெள்ளம் ரிங்லெட்டையும் அதே பள்ளத்தாக்கையும் மீண்டும் தாக்கியது. 2024 ஜனவரி 26 அன்று விடியும் முன்பே, கம்போங் ராஜா அருகே புளூ வேலியில் மண் சரிந்து, உறங்கிக்கொண்டிருந்த ஐந்து மியன்மார் தொழிலாளர்கள் புதையுண்டு போனார்கள்.

ஜிம் தாம்சனைப் பற்றி எத்தனையோ நூல்கள், படங்கள். அந்த ஐவரைப் பற்றி ஒரு நாவலும் வராது. ஒருவர் புகழ்பெற்ற செல்வர்; இவர்கள் காய்கறித் தோட்டக் குடிசையில் இருந்தவர்கள். காத்திருக்கும் தாய்க்கு இந்த வேறுபாடெல்லாம் தெரியுமா? நம் தாத்தாமார் கப்பலேறி வந்தபோது ஊரில் காத்திருந்தவர்களை எண்ணிப் பார்த்தால், அயல்நாட்டுத் தொழிலாளி ஒருவர் மண்ணுக்குள் போன செய்தி நமக்குத்தான் முதலில் சுடவேண்டும்.

மலைக்கு வருகிறவர்களுக்கு

பங்களாவைப் பாருங்கள்; தடையில்லை. தங்குமிடமாகவும் நடந்துவருகிறது. சிரித்துப் படம் எடுத்துக்கொள்வதற்கு முன், அந்த வாசலில் இருட்டும் வரை காத்திருந்தவர்களை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.

பிரிஞ்சாங் மலையுச்சி 6,600 அடிக்கு மேல். அங்கே பாசி படர்ந்த காடு பச்சை மெத்தைபோல் கிடக்கும். மரக் கிளைகளில் தாடிபோல் பாசி தொங்கும். பத்தடி தூரத்தில் நிற்பவரை மூடுபனி மறைத்துவிடும். பார்க்கவேண்டிய இடந்தான். ஆனால் காட்டுப் பாதைகளில் இறங்குவதானால் சில பழக்கங்கள் வேண்டும். இங்குள்ள நடைபாதைகளுக்கு எண்கள் உண்டு. எந்த எண் பாதையில் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று விடுதியில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். தனியே போகாதீர்கள். காலையில் போங்கள், பிற்பகலில் பெரும்பாலும் மழையும் பனியும் சேர்ந்து வரும். தண்ணீர், டார்ச் விளக்கு, ஊதல், மழைச்சட்டை ஆகிய நான்கும் கையில் இருக்கட்டும். வழி தவறிவிட்டது என்று தெரிந்தால் மேலும் மேலும் நடக்காதீர்கள். இருந்த இடத்தில் நின்று ஊதலை ஊதுங்கள். நனைந்த உடம்போடு மலைக் குளிரில் ஓர் இரவு கிடப்பதே ஒருவரைச் சாய்க்கப் போதும்.

உங்கள் பிள்ளைகள் திகில் கதை படித்தால் பறித்து எறியாதீர்கள். படித்து முடித்த பின் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தக் கதையில் யாருக்குப் பெயர் இருக்கிறது, யாருக்கு இல்லை?" என் வகுப்பில் இதைக் கேட்டபோது ஒரு மாணவி எழுந்து, "தேடிப் போனவங்களுக்குப் பெயரே இல்லை சார்" என்றாள். அவளிடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன்: அவள் தாத்தாவிடம் உட்கார்ந்து, அந்தக் காலத்தில் தோட்டத்தில் யாராவது காணாமல் போனால் எப்படித் தேடினார்கள் என்று கேட்டு எழுதிவரவேண்டும். பெட்ரோமாக்ஸ் விளக்கும் தகரத் தட்டலுமாக லயமே புறப்பட்ட கதைகள் இந்த மலையில் ஏராளமாக இருக்கின்றன. அவற்றைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால், இந்த விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள்.